அந்தியோக்கியாவின் ஐந்து தந்தையர்

முதுபெரும் தந்தை என்றதும் பலருக்கு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுதான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் முற்பிதாக்கள், அது வேறு. நான் சொல்வது ஒரு திருச்சபையின் ஆயர்களுக்கெல்லாம் தலைமை ஆயராக இருப்பவரை.

ஆரம்பத்தில் ரோம், அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா என்ற மூன்று பெருநகரங்களின் ஆயர்களுக்குத்தான் தனி மதிப்பு, அதை 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம் உறுதிசெய்தது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ரோமுக்கு அடுத்த இடம் கொடுத்தார்கள், அது புதிய ரோம் என்பதுதான் சொன்ன காரணம், அதாவது பேரரசர் அங்கே இருந்தார். 451-இல் எருசலேமும் சேர, முதுபெரும் தந்தையருக்கு ஐந்து பீடங்கள். இவர்களில் ரோமின் ஆயர்தான் போப், மற்றவர்களை அவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் முதுபெரும் தந்தை தன் ஆயர்களுக்குள் சமமானவர்களில் முதல்வர், பெரிய முடிவுகளை ஆயர் மன்றத்தோடு சேர்ந்துதான் எடுக்க முடியும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் என் மனசு போய் நிற்பது அந்தியோக்கியாவில்தான். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்த ஊரில்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அந்த ஒரே பீடத்துக்கு இன்று ஐந்து பேர் முதுபெரும் தந்தையர்: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், சிரியன் ஆர்த்தடாக்ஸ், மரோனைட், மெல்கைட், சிரியன் கத்தோலிக்கர். கடைசி மூன்றும் ரோமோடு ஒன்றிய சபைகள். 451-இல் கால்சிதோன் சங்கம் கிறிஸ்துவின் இறை, மனித இயல்புகள் இரண்டைப் பற்றி எடுத்த முடிவை ஒரு பகுதியினர் ஏற்காததில் தொடங்கிய பிளவு அது, அப்புறம் ரோமோடு ஒன்றிப்போவதா வேண்டாமா என்ற கேள்வியில் மறுபடி மறுபடி பிரிந்தது, 1724-இல் கிரேக்க மரபினரே ஆர்த்தடாக்ஸ், மெல்கைட் என்று இரண்டானார்கள். மரோனைட் தந்தையர் பேதுருவின் பெயரையும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் தந்தையர் இக்னாத்தியுவின் பெயரையும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். பேதுரு, இக்னாத்தியு இருவருமே மரபுப்படி அந்தியோக்கியாவின் தொடக்ககால மேய்ப்பர்கள், அதனால் யாரும் அந்த ஊரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சரி, இந்த ஐவரில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. மூவரின் பீடம் டமாஸ்கஸில், இருவருடையது லெபனானில். 1268-இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸின் படை நகரத்தைச் சூறையாடியது, அதன்பின் அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இன்று துருக்கியில் அந்தாக்கியா என்ற பெயரில் இருக்கிறது, அங்கே மிஞ்சியிருப்பது சின்ன கிறிஸ்தவ சமூகம். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் இடிந்து விழுந்தது.