கல்லடிப் பாலத்தில் நிலா: இரண்டாவது முயற்சிக்கான ஆயத்தம்

மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குப் பின்னால் முழு நிலா எழ வேண்டும். ஒரு வருடமாக மனதில் கிடக்கும் படம் இது. போன போயா, அதாவது பௌர்ணமி நாள் அன்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாவிக் கரைக்குப் போனேன். நிலா தென்னைகளைத் தாண்டி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. நிலாவுக்கு ஏற்றபடி கமராவைச் சரிசெய்தால் பாலம் கரிக்கட்டை. பாலத்துக்குச் சரிசெய்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

பிழையைக் காட்டித் தந்தது அம்மா விரதத்துக்குப் பார்க்கும் திருக்கணித பஞ்சாங்கம். பௌர்ணமித் திதி முடியும் நேரம்தான் நிலா முழுமையடையும் கணம். அன்று திதி விடியற்காலையிலேயே முடிந்திருந்தது. நிலா நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழும் என்பதால், மாலைக்குள் அரை நாள் கழிந்து, சூரியன் மறைந்து 25 நிமிடத்துக்குப் பிறகே அது அடிவானத்தைத் தொட்டிருக்கிறது. நம் ஊரில் அந்தி நீளாது. அந்த நேரத்துக்குள் வானத்து நீலம் கறுத்துவிடும். முதல் நாள் மாலையே போயிருக்க வேண்டும். திதி நள்ளிரவை ஒட்டி முடிகிற நாள் இன்னும் நல்லது, சூரியன் மறைய 10, 12 நிமிடம் இருக்கும்போதே நிலா எழுந்துவிடும்.

அப்புறம் தென்னைகள். எதிர்க்கரை மரங்கள் நான் நிற்கும் இடத்திலிருந்து வரைபடத்தில் 500 மீற்றர். உயரம் 20 மீற்றர் என்று வைத்தால் இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூட. நிலா ஒரு பாகை ஏற 4 நிமிடம். ஆக, ஓலைக்கு மேலே முகம் காட்ட 9 நிமிடம் வேண்டும். இதையும் கூட்டித்தான் நாளைத் தேர்ந்தேன்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதும் சின்ன விஷயமில்லை. 1924இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் புதியது வந்துவிட்டது; தவறான கரையில் நின்றால் புதியதுதான் முன்னால் நிற்கும். ஆனிப் பூரணை கிழக்கிலிருந்து தெற்கே விலகி எழும், மார்கழியில் வடக்கே. மாதத்துக்கு மாதம் இடம் மாறும் என்று தெரிந்ததும் இரண்டு பின்னேரம் கரையில் நடந்து பார்த்தேன்.

வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த ஒரு ஐயா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மனே, கச்சான் காத்து விழுந்தாத்தான் தண்ணி அசையாது. அதுக்கு முன்னுக்கு எடுத்தா நிலா உடைஞ்சுதான் தெரியும்" என்றார். நான் எந்த அட்டவணையிலும் பார்க்காத விஷயம் அது. கிளம்பும்போது தோணியின் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். இந்த வாவியின் பேர்போன பாடும் மீனின் ஓசை கேட்கவில்லை, நீரின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

இந்த முறை திதி நள்ளிரவு தாண்டித்தான் முடிகிறது. 300 மில்லிமீற்றர் லென்ஸ், முக்காலி, பாலத்தை மறைக்காத அந்தக் கற்படி. ஐந்து மணிக்கே போய்க் காற்று விழுகிறதா என்று பார்த்திருப்பேன்.