ஓரத்தில் ஓர் எக்ஸ்

அருங்காட்சியகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை பதிவேடு தட்டச்சு செய்வது. படைப்பின் எண், வரைந்தவர், தலைப்பு, அளவு. கடைசிக் கட்டத்தில் ஒற்றை எழுத்து: கிடங்கில் இருந்தால் ஒன்று, இரவல் போயிருந்தால் இன்னொன்று. ஓவியத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் பதிந்துவிடலாம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

அப்புறம் ஒரு கண்காட்சி வேலைக்காக, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பட்டியலை இணையத்தில் படித்தேன். நாஜி பிரச்சார அமைச்சகம் 1942 வாக்கில் தயாரித்தது. நாஜிகள் தங்களுக்குப் பிடிக்காத நவீன கலையை ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 16,000க்கும் மேற்பட்ட படைப்புகள், ஊர்வாரியாக, அகரவரிசையில். ஓரத்தில் ‘வி’ என்றால் விற்றாயிற்று, ‘டி’ என்றால் பண்டமாற்று, ‘எக்ஸ்’ என்றால் அழித்தாயிற்று.

அதில் ஒரு வசைச்சொல் கிடையாது. வசையெல்லாம், பறித்த படங்களில் சிலவற்றைக் கேலி செய்வதற்கென்றே 1937இல் மியூனிக்கில் நடத்திய கண்காட்சியிலேயே முடிந்துவிட்டது. அங்கே சுவரெல்லாம் கேலி வாசகங்கள். சில படங்களுக்குப் பக்கத்தில், வரிப்பணத்தில் வாங்கியது என்று விலையும் போட்டிருந்தார்கள். பல, 1920களின் பணவீக்க காலத்து விலைகள். அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு சாதாரண ஓவியமே கொள்ளை விலையாகத் தெரியும். விளக்க அட்டை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்த வித்தை எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எண் பொய்யில்லை, அட்டைதான் பொய். இலவச அனுமதி, பார்த்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

பறித்தது 1937இல். அதற்கான சட்டம் வந்தது 1938 மே 31இல். முதலில் பொருளை எடுத்துவிட்டு அப்புறம் கோப்பைச் சரிசெய்வது! அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டேயிடம் நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டையே இருந்தது. அது உதவவில்லை. அவருடைய படைப்புகள் 1,000க்கு மேல் பறிபோயின, வேறு யாருக்கும் அவ்வளவு போகவில்லை.

எங்கள் சுருக்கங்களிலும் ஒரு எக்ஸ் உண்டு. ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று பொருள். வேறு எழுத்து வைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.

“ஏன், இதற்கென்ன?” என்றார்.

அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“சுத்தமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்” என்றார்.