சென்னையில் ஓட்டு ஏன் குறைகிறது: ஒரு பிஎல்ஓவின் அனுபவம்

ஒவ்வொரு தேர்தல் முடிந்த ராத்திரியும் டிவியில் ஒரே பேச்சுதான். சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை, லீவு விட்டால் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று. 2024 நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை நடந்ததால் அந்தப் பேச்சு இன்னும் பலமாக இருந்தது. தமிழ்நாடு முழுக்க 69 சதவீதத்துக்கு மேல், தர்மபுரியில் 81ஐத் தாண்டியது, தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54ஐ ஒட்டி. 2022 மாநகராட்சித் தேர்தலில் அதுவும் இல்லை, 43 சதவீதம் சொச்சம். நான் பள்ளி ஆசிரியை. பல வருஷமாக தென் சென்னையில் ஒரு பாகத்துக்கு, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட வாக்காளர் பட்டியலுக்கு, பிஎல்ஓவாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக, வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த அக்கறை இல்லை என்கிற பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முதலில் பட்டியல். என் பாகத்தில் பாதிக்கு மேல் வாடகை வீடுகள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், பெயர் மட்டும் பழைய கதவு எண்ணிலேயே இருக்கும். இறந்துபோனவர்கள் பெயரை எடுக்க ஃபார்ம் 7 தர வேண்டும், அந்தத் துக்கத்தில் யாருக்கு அது நினைவுக்கு வரும்? வீடு மாறியவர்கள் முகவரி மாற்றும் ஃபார்ம் 8 தர வேண்டிய இடத்தில் புதிதாகப் பெயர் சேர்க்கும் ஃபார்ம் 6 கொடுத்துவிடுவார்கள், அப்புறம் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பார். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலருக்கு வீடு அங்கே, ஓட்டு இங்கே. காலையில் கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டு பஸ் மாறி இங்கே வந்து போட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒரு பாகத்தில் 1,200 பெயர்கள், அதில் 300 பேர் உண்மையில் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 650 ஓட்டு விழுந்தால் 54 சதவீதம் என்று கணக்கு வரும். இருக்கிற 900 பேரை வைத்துப் பார்த்தால் 72. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை, சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல், அதாவது இங்கே இருந்த பெயர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் விடுபட்டுப்போனவர்களும் அதில் உண்டு, அது வேறு வேதனை. ஆனால் இத்தனை வருஷம் எந்தப் பட்டியலை வைத்து இந்த ஊரைத் திட்டினோம் என்பது அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கட்சிக்காரர்கள். யாருக்கு ஓட்டு என்று நான் யாரிடமும் கேட்கக் கூடாது, கேட்டதும் இல்லை. ஆனால் பூத் ஏஜென்ட்களுக்கு அது தெரியும். அவர்கள் கையில் இருக்கும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி இருக்கும். வாக்குப்பதிவு அன்று உதவி மேசையில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மதியம் மூன்று மணிக்கு மேல் "அந்தச் சந்துல நாலு ஓட்டு இன்னும் வரல" என்று வெளியே குரல் கேட்கும், ஒரு ஆட்டோ கிளம்பும், பத்து நிமிஷத்தில் ஒரு பாட்டியும் மருமகளும் வந்து நிற்பார்கள். நம் ஊரில் ஓட்டுப்பதிவு பெரும்பாலும் இப்படித்தான் ஏறுகிறது, ஒருத்தர் வந்து கூப்பிடுவதால். அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டுக்கு உள்ளேயே விட மாட்டார்கள். பூத் சிலிப் கொடுக்கப் போன என்னையே "அசோசியேஷன்ல கேட்டுட்டு வாங்க மேடம்" என்று வாட்ச்மேன் நிறுத்தியிருக்கிறார். கட்சிக்காரர்களும் இரண்டு முறை முயன்றுவிட்டு, இங்கே வராது என்று அந்தப் பக்கத்தையே மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அதனால்தான் "இது இந்தக் கட்சியின் கோட்டை" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது. 2011இல் சென்னையின் 16 தொகுதிகளில் 14 அதிமுக கூட்டணிக்குப் போனது. 2016இல் திமுக 10, அதிமுக 6. 2021இல் பதினாறும் திமுக கூட்டணிக்கு. மக்கள் மனம் மாறினார்கள், சரி, ஆனால் பாதிப் பேர் வராத பூத்தில் வராதவர்கள் எந்தப் பக்கம் என்று யார் சொல்ல முடியும்? சுவரொட்டியையும் கொடிக்கம்பத்தையும் பார்த்துத் தெருவின் அரசியலைச் சொல்லிவிட முடியாது. தெருவுக்குத் தெரு மழைநீர்க் கால்வாய், குப்பை என்று அன்றாடப் பிரச்சினைகள் மாநகராட்சியின் கையில் இருக்கும்போது அந்தக் கவுன்சிலர் தேர்தலில்தான் ஆள் குறைவாக வருகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இளைஞர்களைத்தான் அதிகம் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை தரமணிப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்குப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் முகவரிச் சான்றுக்கு வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மாட்டார், கேஸ் இணைப்பும் அவர் பெயரில்தான், வங்கிப் புத்தகத்தில் ஊர் முகவரி. வாக்காளர் அட்டை வந்துவிட்டால் வீட்டில் உரிமை கொண்டாடுவார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம். அந்த அட்டையால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வராது. இதை நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்கிறேன், அதன்பிறகு கையெழுத்துப் போட்டுத் தந்த வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். நீங்கள் வீடு வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவருக்கு அந்த வாடகை ஒப்பந்தத்தைக் கொடுங்கள். ஃபார்ம் 8ஐ நிரப்ப நான் உதவி செய்கிறேன், உங்கள் தெரு பிஎல்ஓவும் செய்வார்.