எந்தப் பனி?

உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஏழே பேர். சேர் ஒருநாள் பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகமொன்றைக் கொண்டுவந்தார். சார்ல்ஸ் டிக்கின்ஸ் 1852 மார்ச்சிலிருந்து மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்'. முதல் வசனம் ஒரே சொல்: லண்டன். அப்புறம் சேறு, புகை, 'ஃபொக்'. ஆற்றில் ஃபொக், ஓய்வுபெற்ற கிழட்டு மாலுமிகளின் தொண்டையில் ஃபொக், கப்பல் தட்டில் நடுங்கும் பொடியனின் கால்விரலில் ஃபொக். முற்றுவினையே இல்லாமல் வசனங்கள் போகும்.

"வினைச்சொல் எங்கே சேர்?"

"பனிக்குள்ள துலைஞ்சு போச்சு. சரி, ஃபொக்குக்குத் தமிழ் என்ன?"

பனி என்றோம். "எந்தப் பனி?" மார்கழி விடியலில் புல்லை நனைப்பதும் பனி, இமயமலையில் உறைவதும் பனி. ஆங்கிலேயர் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் முழிக்க, பின்வாங்கில் இருந்த கடற்கரைப் பெடியன் எழும்பினான். "காத்துக்கு எங்களிட்டயும் நாலு பேர் இருக்கு சேர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். இங்கிலீசில சொல்லுங்கோ!" சேர் சோக்கட்டியை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

1985 நவம்பரில் லண்டன் வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பனியின் நடுமையம் என்று டிக்கின்ஸ் சொன்ன லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் சங்கத்தின் மண்டபத்தைத் தேடிப் போனது. பளிச்சென்று வெயில்!

வீட்டுக்காரக் கிழவிதான் விளங்கப்படுத்தினார். அது வெறும் பனி இல்லை, நிலக்கரிப் புகையும் கலந்தது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் ஊரையே மூடியபோது, பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் டோர்ச் பிடித்து நடந்தாராம். மூக்கைச் சிந்தினால் கைலேஞ்சி முழுக்கக் கரி. 1956இல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்த பிறகுதான் மெல்ல மெல்லக் குறைந்தது.

அதற்குப் பிறகுதான் நாவலில் ஓர் இடம் புரிந்தது. லண்டனுக்குப் புதிதாக வந்த பெண், எங்காவது பெரிய தீப்பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை, இது 'லண்டன் பர்ட்டிக்குலர்' என்கிறான் வக்கீல் கந்தோர்க் குமாஸ்தா. அது லண்டன் சந்தைக்கென்றே வந்த மடெய்ரா வைனின் பெயர். மூச்சுமுட்ட வைக்கும் நஞ்சுக்கு வைன் பெயர் வைத்துப் பகிடி விட ஆங்கிலேயரால்தான் முடியும்.

எல்லாவற்றையும் சேருக்கு ஏரோகிராமில் எழுதினேன். பதில் வர வைகாசியாகிவிட்டது. இரண்டே வரி:

"இங்கே சோளகம் தொடங்கிவிட்டது. கடதாசி பறக்கிறது, மிச்சம் பிறகு எழுதுகிறேன்."