பிந்தானில் ஏடிவி: பைக் ஓட்டுபவர்கள் கொஞ்சம் கவனிக்கணும்

சிங்கப்பூரில் செம்மண் பாதையில் வண்டி ஓட்டணும் என்றால் உபின் தீவு மாதிரி சில இடங்கள்தான். அங்கேயும் சைக்கிள்தான் மிதிக்கணும். ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதைக்கென்றே செய்த நாலு சக்கர இன்ஜின் வண்டியில் சேற்றைக் கிளப்பணும் என்று ஆசைப்பட்டால் பெரும்பாலும் கடல் தாண்டத்தான் வேண்டும். ஜூன் பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்து நெரிசலை நினைத்தாலே தலை வலிக்கும் என்பதால் தானா மேராவில் ஃபெர்ரி ஏறினோம். இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். அங்கே கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், கிளம்பிய நேரத்துக்கே போய் இறங்கியது போல இருக்கும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கணும், அதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் மச்சான் ஒருத்தர்தான் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர். உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் வரை, மழையோ வெயிலோ. வழிகாட்டியாக வந்த நடுவயதுக்காரர், நாங்கள் இந்தோனேசிய வழக்கப்படி மரியாதையாக ‘பாக்’ என்று கூப்பிட்டோம், முதலில் கேட்டதே "யார் மோட்டார் ஓட்டுவீங்க?" என்றுதான். மச்சான் பெருமையாகக் கை தூக்கினார். பாக் சிரித்துவிட்டு அவரைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். பழகாதவனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், பழகியவனுக்கு முதலில் மறக்கவைக்கணும் என்பது அவர் கட்சி.

நியாயம்தான். பைக்கில் மணிக்கட்டைத் திருகினால் வேகம். ஏடிவியில் வலது கைப்பிடிக்குக் கீழே சின்ன நெம்புகோல், அதைக் கட்டைவிரலால் தள்ளணும். பயந்தால் யாராக இருந்தாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம் இல்லையா? அப்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி பாயும். அதனால் இன்ஜினை அணைத்து வைத்து, ‘கட்டைவிரலை எடு, பிரேக்கைப் பிடி’ என்று திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். மலாய் தெரிந்த எங்கள் அக்காதான் மொழிபெயர்ப்பாளர்.

அடுத்தது கால். பைக் சாய்ந்தால் கால் ஊன்றுவது அனிச்சையாக வரும். இதில் ஊன்றினால் பின்சக்கரம் குதிகாலில் ஏறி ஆளையே உள்ளே இழுத்துவிடும். வண்டி எவ்வளவு ஆடினாலும் இரண்டு காலும் மிதியடியில்தான். மச்சான் முதல் வளைவிலேயே இடது காலை நீட்டினார். பாக் போட்ட சத்தம் ஃபெர்ரி முனையம் வரை கேட்டிருக்கும்.

வளைவு ஏன் கஷ்டம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருக்கும், ஒரே வேகத்தில்தான் சுழலும். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும், ஆனால் முடியாது. அதனால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை வளைவின் உள்பக்கம் தள்ளி உட்காரணும். பைக் தானாகச் சாயும். இங்கே நாம்தான் சாயணும். தார்ச்சாலையில் இது இன்னும் மோசம். டயர் மெத்தென்று இருக்கும், காற்றும் பெரும்பாலும் 10 பிஎஸ்ஐக்குக் கீழேதான். காரில் 30க்கு மேல் இருக்கும். சாலை குறுக்கிட்டால் நேராக, மெதுவாகக் கடந்துவிடணும், அவ்வளவுதான்.

மேட்டில் ஏறும்போது முன்னால் குனியணும், இறங்கும்போது பின்னால் தள்ளி உட்காரணும். சரிவில் குறுக்கே மட்டும் போகக்கூடாது. பெரிய வண்டி 200 கிலோவுக்கு மேல் இருக்கும், உருண்டு மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதே வண்டி மூன்று சக்கரத்தில் வந்தது. ஹோண்டா 1970இல் விற்க ஆரம்பித்தது. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்காவில் அந்த ரகத்தின் விற்பனையே நின்றுபோனது.

அக்கா மகனுக்கு 14 வயது. தனி வண்டி வேண்டும் என்று ஒரே அடம். வாடகைக்கு விட்டவர்கள் கொடுத்துவிடவும் தயார்தான், அக்காதான் விடவில்லை. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர்களுக்கான ஏடிவியை ஓட்டக்கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. சரி, என் பின்னால் உட்காரட்டுமா என்றால் அதுவும் கூடாது. ஒருவருக்காகச் செய்த வண்டியில் பின்னால் ஆள் இருந்தால் ஓட்டுபவர் உடம்பை நகர்த்தவே முடியாது. கடைசியில் பாக் ஓட்டியது இரண்டு பேருக்கென்றே கட்டிய நீள இருக்கை வண்டி என்பதால், பையன் அதில் ஏறிக்கொண்டான். பத்து நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது.

சொந்த ஹெல்மெட் இருந்தால் எடுத்துப் போங்கள். வாடகை ஹெல்மெட்டில் வியர்வை நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தொளதொள வார் ஆபத்து. கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் வேண்டும். சிலிப்பர் போட்டு வந்த ஒருவரைப் பாக் ஏற்றவே இல்லை. அப்புறம், பயணக் காப்புறுதி வாங்கும்போது விலக்குப் பட்டியலைப் படியுங்கள். மோட்டார் வண்டி ஓட்டுவதைச் சில திட்டங்கள் சேர்ப்பதில்லை.

என் மனைவி இரண்டு சக்கர வண்டியைத் தொட்டதே இல்லை, கார் லைசென்ஸ் மட்டும்தான். இரண்டாவது சுற்றில் பாக் அவளைத்தான் தனக்கு அடுத்த வண்டியில் விட்டார். மச்சான் கடைசி. தன் வண்டியின் ஹேண்டில்பார் கோணலாக இருந்தது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.