மே 2 வரை

ஏப்ரல் 17, 2025

பதிவு அலுவலகம் போய்ப் பார்த்தேன். திருமண நோட்டீஸ் இன்னும் பலகையில்தான் இருக்கிறது. இருவர் பெயர், வயது, தொழில், முகவரி. அக்கா மகள் பாப்பாவுக்கு எழுதியிருப்பது என் வீட்டு முகவரி. மதம் மாறாமல் மணந்துகொள்ள 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வழிவிட்டது. கூடவே 30 நாள் இப்படி ஊர் பார்க்க ஒட்டியும் வைக்கிறது. வயது போதாது, ஏற்கெனவே மணமானவர் என்று ஆட்சேபம் எழுதலாம். சாதி, மதத்தைக் காட்டி எழுத இடமில்லை. எழுத வருகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை. முகவரியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களிடம்தான்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். பாப்பா மணக்கப்போகும் அந்தப் பிள்ளையைக் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று தடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 22

அக்கா மறுபடியும் பேசினாள். ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டதாம். காப்புக் கட்டிய ஊரில் யாரும் கை ஓங்க மாட்டார்கள், இப்போதே அழைத்து வா, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறாள். காப்பை அவிழ்த்த பிறகு என்று கேட்டேன். அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பக்கத்தில் நின்று அத்தான் சொல்லிக்கொடுத்ததும் என் காதில் விழுந்தது.

ஏப்ரல் 23

தூக்கமில்லை.

ஏப்ரல் 25

இன்று அத்தானே பேசினார். குரலை உயர்த்தவில்லை. “நீ படித்தவள், உனக்கு இது தப்பாகத் தெரியும். எங்களுக்குச் சாமி போட்ட கட்டு இருக்கிறது. மீறினால் தண்டிப்பது கோபமில்லையம்மா, கடமை.”

எந்தச் சாமி? அவர்கள் கோயிலில் நிற்பவர் காத்தவராயன். ஆரியமாலை மேல் ஆசை வைத்ததற்காகக் கழுவேற்றப்பட்டவர். திருவிழாவில் கழுமரம் நட்டு, விரதமிருந்த பங்காளி ஒருவர் மேலே ஏறி எலுமிச்சம்பழம் வீசுவார். கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். பிள்ளை வேண்டுமென்று அக்காவும் ஏந்தினாள். அடுத்த ஆண்டு பாப்பா பிறந்தாள். மதுரைவீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கினார்கள். அவருக்கும் இன்று படையல். சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்த பிராமணன் முத்துப்பட்டனுக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறோம். கட்டை மீறியவர்களைக் கொன்றதும் நம் மரபு, கும்பிட்டதும் நம் மரபு. எதைக் கையிலெடுப்பது என்று முடிவு செய்பவர் அத்தான். அந்த முடிவைச் சாமி தலையில் போட அவருக்கு உரிமையில்லை.

இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். சாமியை இழுக்காதே என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 28

சாதி கடந்து மணந்ததற்காகக் கொல்லப்பட்ட கண்ணகி–முருகேசன் வழக்கில் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை, ஜூலை 2003. அவர்களும் பதிவுத் திருமணம் செய்தவர்கள்தான். ஊரார் பார்க்கக் காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றி, உடல்களைத் தனித்தனியாக எரித்தார்கள். தண்டனை பெற்றவர்களில் காவல்துறையினரும் உண்டு. தீர்ப்பு உறுதியாக 22 ஆண்டுகள். அப்போது பாப்பா கைக்குழந்தை.

அந்த ஊராரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவன் செய்தால் கொலை, ஊர் கூடிச் செய்தால் வழக்கம் என்ற தைரியத்தில்தானே நின்றிருப்பார்கள்? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவைப் படித்தேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிச் சாதியின் பெயரால் கொன்றால், ஒவ்வொருவருக்கும் ஆயுளோ தூக்கோ. தூக்கு எனக்கு ஒப்பாது, அத்தானுக்கே ஆனாலும். ஆனால் ‘ஒவ்வொருவருக்கும்’ என்று எழுதியிருப்பது ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 29

வாசலில் பைக் நின்றால் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

ஏப்ரல் 30

இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், தங்கப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலோடு காவல் நிலையம் போனேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அக்கா சொன்ன அதே வார்த்தைகள். எங்கே போனாலும் பேசித் தீர்ப்பது! இருபத்து மூன்று வயதுப் பெண் யாரை மணக்கிறாள் என்பதில் தீர்க்க என்ன இருக்கிறது?

மே 1

மூன்று சாட்சிகள் வேண்டும். அந்தப் பிள்ளையின் மாமா வருகிறார். நான் இருக்கிறேன். ஒப்புக்கொண்ட மூன்றாமவர் மாலையில் பின்வாங்கிவிட்டார்; பிள்ளைகுட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். பாப்பா தன் தோழியைக் கேட்டிருக்கிறாள்.

இரவு பதினொரு மணிக்கு அக்கா. அத்தான் தூங்கிவிட்டாராம். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள்? நான் இன்னும் சொல்லவில்லை.