முழு நாள் 9,500 ரூபாய்: என் டே கேர் கணக்கு

இந்த ஜனவரி முதல் என் டே கேரில் முழு நாள் கட்டணம் மாதம் 9,500 ரூபாய். ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால் 12,500. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் மட்டும் இருக்கும் பிள்ளைகளுக்கு 4,500. நவம்பரிலேயே எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஒரு அப்பா மட்டும் உடனே போன் செய்தார். "நீங்க வீட்டிலதானே பார்த்துக்கிறீங்க, உங்களுக்கு அப்படி என்னங்க செலவு?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்க நினைத்து "எவ்வளவுங்க வாங்கலாம்?" என்று கேட்கிற பெண்களுக்கும் உபயோகப்படும்.

சென்னை மேடவாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகை வீடு. ஹாலும் ஒரு படுக்கை அறையும் குழந்தைகளுக்கு. மீதி எங்களுக்கு, அதாவது இரவு ஏழே முக்காலுக்கு மேல் எங்களுக்கு. முழு நாள் குழந்தைகள் எட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. அதில் கைக்குழந்தை இரண்டுதான். சாயங்காலம் மூன்று பெரிய பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள்.

செலவைச் சொல்கிறேன். வாடகையில் டே கேரின் பங்கு 12,000. உதவிக்கு இருக்கும் இரண்டு அக்காக்களுக்குச் சம்பளம் 14,000, 11,000, ஆக 25,000. தீபாவளிக்கு இருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000 சொச்சம். கரண்ட் 2,000. கேஸ், தண்ணி கேன், பினாயில், பாய், கிரையான், கிழிந்த படப்புத்தகத்துக்குப் பதில் புதுசு, இப்படி 4,000. உடைகிறது, ரிப்பேர், டாக்டரிடம் ஓட ஆட்டோ என்று 2,000 ஒதுக்கிவிடுவேன். மொத்தம் 47,000. சாப்பாடு இதில் சேரவில்லை.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. வெயில் காலத்தில் மதியத் தூக்கத்துக்கு ஏ.சி. போடாமல் முடியாது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுகளுக்கும் விலை அதிகம். அதனால் மே, ஜூன் பில்லைப் பார்த்து மாதச் செலவைக் கணக்கிட்டாலும் தப்பு, டிசம்பர் பில்லைப் பார்த்துக் கணக்கிட்டாலும் தப்பு. வருஷம் முழுக்கக் கூட்டி வகுத்ததுதான் அந்த 2,000.

அடுத்து வருவதுதான் பெரும்பாலான பெண்கள் விட்டுவிடுகிற வரி: என் சம்பளம். நர்சரி டீச்சராக இருந்தவள் நான். காலை எட்டு மணிக்கு முன்னால் கேட்டைத் திறந்தால் இரவு வரை இதே வேலை. இதற்கு 25,000 என்று எழுதிக்கொள்கிறேன். எல்லாச் செலவும் போக மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது. வாடகை மாதிரி, கேஸ் மாதிரி இதுவும் செலவுப் பட்டியலில்தான் இருக்க வேண்டும். என் கணவருக்கே இது புரியக் கொஞ்ச நாள் ஆனது என்பது வேறு கதை.

ஆக 72,000. சாயங்காலப் பிள்ளைகளிடம் வருவதில் சுண்டல், பால் செலவு போக 12,000 நிற்கும். அதைக் கழித்தால் 60,000. இதை எட்டால் வகுக்கக் கூடாது, ஏழால் வகுக்க வேண்டும். எட்டு இடமும் வருஷம் பூராவும் நிறைந்திருக்காது. ஜூன் வந்தால் இரண்டு பேர் எல்.கே.ஜி.க்குப் போய்விடுவார்கள். ஊரிலிருந்து ஆச்சி வந்துவிட்டார், இனி அவரே பார்த்துக்கொள்வார் என்று ஒரு குழந்தை நின்றுவிடும். ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 8,600. அதோடு ஒரு குழந்தையின் சாப்பாட்டுச் செலவு 1,300. காலையில் இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ், மதியம் பருப்பு சாதம், ஒரு காய், தயிர், சாயங்காலம் பால், பழம். ஆகக் கூடி 9,900. பெரிய குழந்தைக்கு 9,500, கைக்குழந்தைக்கு 12,500 என்று பிரித்தது இந்தச் சராசரியை வைத்துத்தான்.

அக்கம்பக்கத்தில் விசாரித்து ஐந்நூறு குறைத்து வைத்துவிடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்துத் தெருவில் 6,000 வாங்குகிறவர் சொந்த வீட்டில் இருக்கலாம், மாமியார் சமைக்கலாம், ஒரே ஆளாகப் பத்துக் குழந்தையைப் பார்க்கலாம். அவருடைய விலையை எடுத்துக்கொண்டால் அந்தப் பத்துக் குழந்தையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டிவரும்.

கைக்குழந்தைக்கு ஏன் 3,000 கூட? ஆறு மாதக் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு இன்னொரு வேலை செய்ய முடியாது. ஒரு அக்காவின் பாதி நாள் அதற்கே போய்விடும். ஆறு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்த சம்பள விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். ஐ.டி. கம்பெனி அம்மா சரியாக அந்த ஆறு மாதம் முடியும் வாரத்தில் குழந்தையோடு வந்து நிற்பார். தமிழ்நாடு அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு. அரசுப் பள்ளி டீச்சரின் குழந்தை தள்ளாடி நடந்துகொண்டே உள்ளே வரும். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்றால் டீச்சர் அம்மா இன்னொரு வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்று அர்த்தம்.

அதே திருத்தத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்றும் வந்தது. சில கம்பெனிகள் வெளியே உள்ள டே கேர் கட்டணத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. அதற்காக ஜி.எஸ்.டி. நம்பரோடு பில் கேட்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், என் வரவு அதில் பாதிதான் வரும். நம்பர் இல்லாத ரசீது தருகிறேன். சில கம்பெனிகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் அந்தப் பணத்தை நான் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அது நடக்காது.

சரி, நேரம். இதில்தான் மனஸ்தாபம் அதிகம் வரும். மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிற மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து ஆறரைக்கு வருகிறேன் என்கிறவர் ஏழேகாலுக்கு வருவது சகஜம். அபராதம் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் இதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1998-ல் 10 டே கேர்களைக் கவனித்து, அவற்றில் 6-ல் பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, கூடிவிட்டார்கள். முன்பு சங்கடப்பட்டு ஓடி வந்தவர்கள், காசு கட்டிவிட்டோமே என்று நிதானமாக வர ஆரம்பித்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: தாமதத்துக்கு எப்படியும் ஒரு விலை வந்துவிடும் என்றால் அந்த விலையை முதலிலேயே ஒழுங்காக வைத்துவிடலாமே. என்னிடம் மூன்று நேரம். நாலரை வரை 8,000, ஆறரை வரை 9,500, ஏழே முக்கால் வரை 11,000. கைக்குழந்தைக்கு எந்த நேரமானாலும் 3,000 கூட. அபராதம் கிடையாது. மழை, டயர் பஞ்சர், மேனேஜர் மீட்டிங் என்று எப்போதாவது தாமதமானால் நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒரு மாதம் பூராவும் ஏழு மணிக்கே வந்தால் அடுத்த மாதம் தானாக 11,000 ஆகிவிடும். அந்தக் கூடுதலில் ஒரு பங்கு இருட்டும்வரை கூட இருக்கும் அக்காவுக்குப் போகிறது. டீச்சர்கள் நாலு மணிக்கே வந்துவிடுவதால் 8,000-த்தில் முடித்துக்கொள்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டு ஆளுக்கொரு விலை வைப்பதைவிட இது எனக்குக் கௌரவமாகப் படுகிறது.

இலவச இடம் ஒன்று உண்டு. பெரிய அக்காவின் ஒன்றரை வயதுப் பெண் அவரோடு வந்து இங்கேயே வளர்கிறாள். அங்கன்வாடியில் விட இன்னும் வயதாகவில்லை, வயதானாலும் அது மூடும் நேரத்துக்கு இங்கே வேலை முடியாது. அவளையும் மனதில் வைத்துத்தான் கட்டணம் கட்டும் குழந்தைகளை எட்டோடு நிறுத்தியிருக்கிறேன், இல்லாவிட்டால் ஒன்பது எடுத்திருப்பேன். தினம் பத்து மணி நேரம் அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர் தன் பிள்ளையை எங்கே விடுவார்?

வராத நாளுக்குக் கழிவு கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூட்டி வைத்திருந்தால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? இடத்துக்குத்தான் கட்டணம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவுக்குச் சம்பளம் உண்டு. நீண்ட நாள் என்றால் மட்டும் வேறு கணக்கு. தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், இரண்டு மாதம் இருப்பார்கள் என்றால் பாதிக் கட்டணத்தில் இடத்தைப் பிடித்து வைப்பேன். அதற்கு மேல் முடியாது. தலைகீழாகவும் நடக்கும். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி அமெரிக்காவில் மூத்த மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் போய்விடுவார், பேரன் அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் என்னிடம் வருவான். இவர்களிடம் முன்பணத்தைக் கண்டிப்பாக வாங்கிவிடுவேன். ஒரு மாதத் தொகை, கடைசி மாதத்தில் கழித்துக்கொள்ளலாம்.

நானே மூடினால்? எனக்கு உடம்புக்கு முடியாமல் மூடினால் அந்த நாட்களுக்குப் பணம் திரும்பத் தருவேன். அது என் பொறுப்பு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நாலாம் தேதி தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட்டார்கள். அந்த வாரம் முழுக்க மூடித்தான் இருந்தது. அப்போது எழுதி வைத்த விதி இன்னும் இருக்கிறது: வெள்ளம், ஊரடங்கு மாதிரி யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் ஒரு வாரம் வரை கழிவு இல்லை, அதற்கு மேல் போனால் பாதிக் கட்டணம். 2020 மார்ச் ஊரடங்கின்போது இப்படி எதுவும் எழுத்தில் இல்லை. ஒரே மாதத்தில் வரவு நின்றுபோனது, அக்காக்களுக்குச் சம்பளம் மட்டும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்துக்கு நகை அடகுக்குப் போனது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஏன் ஜனவரியில் ஏற்றுகிறேன் என்று சிலர் கேட்டார்கள். அக்காக்களுக்குப் பொங்கலுக்குத்தான் சம்பளம் கூட்டுவது வழக்கம். ஜூனில் ஏற்றினால் மூத்த பிள்ளையின் ஸ்கூல் பீஸ் கட்டிய கையோடு இதையும் கட்ட வேண்டியிருக்கும், பாவம்.

போன் செய்த அப்பா கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப கைக்குழந்தைக்கு நீங்க இன்னும் கூட வாங்கலாமே" என்றார். அவர் பிள்ளைக்கு இரண்டரை வயது, தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது மண்டையைக் குடைவது இரட்டைக் குழந்தைகள் விவகாரம். எட்டு மாதம், இரண்டும் பெண். அண்ணன் தங்கை சேர்ந்து வந்தால் இரண்டாவது குழந்தைக்கு 1,000 குறைப்பேன். ஒரே அம்மா, ஒரே போன், ஒரே நேரத்தில் வந்து போவார்கள், எனக்கும் அலைச்சல் குறைவு. அதே மாதிரி இரட்டையருக்கும் குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் எட்டு மாத இரட்டையர் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பசித்து அழும், ஒரே வாரத்தில் சளி பிடிக்கும், கைக்குழந்தைக்கான இரண்டு இடமும் ஒரே வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் நின்றால் இரண்டும் ஒரே நாளில் காலி. கூட்டித்தான் கேட்க வேண்டும், மனசு வரவில்லை. ஆளுக்கு 12,500, குறைப்பு இல்லை, முன்பணத்தை மட்டும் இரண்டு தவணையாகத் தரலாம் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். 20-ம் தேதி வரை இடம் அவர்களுக்கு.